மாடி பஸ்ஸில் இரண்டு துண்டுகள்

சுற்றுலாவின் முதல் நாளே, கூட்டத்தோடு வந்த கான்ட்ராக்டர் ஒருவர் சட்டம் போட்டுவிட்டார்.

"துண்டு விழுந்தா சீட்டு சொந்தம். இதென்ன இன்னிக்கு நேத்து வந்த வழக்கமா?"

ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட வாட்டசாட்டம். கடல் தாண்டி வேறு தேசத்துக்கு வந்தும் மனுஷன் தோளிலிருந்த துண்டை விடவில்லை. பஸ் கதவு திறந்த கையோடு அது பறந்துபோய் முன் சீட்டில் விழும். பிறகு அவரும் மனைவியும் ஆற அமர வந்து உட்காருவார்கள். கேட்பாரில்லை.

பழக்கடை அக்காவுக்குக் கடைசி வரிசைதான் வாய்த்தது. பக்கத்தில் அவளுடைய அறைத்தோழி நர்ஸம்மா. ஊருக்கெல்லாம் ஊசி போட்டு ஓய்வு பெற்றவர், பாவம், பின் சீட்டில் உட்கார்ந்தால் அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். ஒவ்வொரு பயணமும் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடுதான். அக்கா கான்ட்ராக்டரிடம் கேட்டும் பார்த்தாள்.

"அண்ணே, இவங்களுக்காவது முன்னாடி ஒரு இடம் குடுங்களேன்."

"நாளைக்குப் பார்க்கலாம்மா."

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. தினமும் போனில் மகள், "இன்னிக்கு என்னம்மா பார்த்தே?" என்று கேட்பாள். "வரிசையா மண்டையைப் பார்த்தேன். அதுல ஒண்ணு வழுக்கை" என்பாள் அக்கா. மகள் சிரிப்பாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசை ஆசையாகக் கிளம்பி வந்தவள் அல்லவா?

கடைசி நாள் சாயங்காலம் இவர்களுக்கென்றே ஒரு பஸ் ஏற்பாடாகியிருந்தது. கூரையில்லாத மாடி பஸ். "மாடியில முன்னாடி ரெண்டே சீட்டு. அங்க உட்கார்ந்தா ஊரே மடியில வந்து விழும்" என்று கைடு வாயை விட்டார். விட்டிருக்க வேண்டாம். கான்ட்ராக்டர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு போய் மூடிய பஸ் கதவை ஒட்டி நின்றுவிட்டார்.

ஹோட்டல் மாடி அறையில் நர்ஸம்மா கட்டிலை விட்டு எழவில்லை. "நீ போயிட்டு வாம்மா. கடைசி நாளும் பையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார என்னால முடியாது." சொல்லும்போதே குரல் உடைந்தது. அக்காவுக்குச் சுருக்கென்றது. சொந்த அக்கா தங்கைகூட இப்படி ஒட்டியதில்லை, இந்த மனுஷியை விட்டுவிட்டு எந்த ஊரைப் பார்ப்பது?

"நீங்க வரலைன்னா நானும் போகலை" என்று வீம்பாக ஜன்னலைச் சாத்தப் போனாள். போனவள் அப்படியே நின்றாள். பஸ் சரியாக ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தது. திறந்த மாடி, காலி சீட்டுகள், முன்னால் அந்த இரண்டு. கைக்கெட்டும் தூரம் இல்லை, ஆனால் எறிந்தால் எட்டும் தூரம்.

சந்தையில் லாரியிலிருந்து தர்பூசணியைக் கைமாற்றிக் கைமாற்றி எறிவார்களே, அந்த வரிசையில் நின்று உரமேறிய கை அக்காவுடையது. அது பரபரத்தது.

"உங்க துண்டைக் குடுங்க, சீக்கிரம்!"

காலைப் பலகாரத்தோடு எடுத்துவைத்திருந்த ஆரஞ்சு இரண்டையும் தன் துண்டில் ஒன்று, அவர் துண்டில் ஒன்று என்று முடிந்தாள்.

"ஆரஞ்சு எதுக்குடி?"

"காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடக் கூடாதில்ல?"

முதல் துண்டு சொத்தென்று இடது சீட்டில் விழுந்தது. அதற்குள் கீழே கதவு திறந்துவிட்டது. படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். அக்கா இரண்டாவதை வீசினாள். அது கம்பியில் பட்டுத் துள்ளியது. "ஐயோ!" என்றார் நர்ஸம்மா. துள்ளிய துண்டு உருண்டு வலது சீட்டுக்குள் இறங்கவும், கையில் துண்டோடு கான்ட்ராக்டர் தலை படியில் முளைக்கவும் சரியாக இருந்தது.

"யாருது இது?"

"எங்களுதுதான் அண்ணே! விழுந்தாச்சு!"

கான்ட்ராக்டர் அண்ணாந்து பார்த்தார். "மேலயிருந்து போட்டா செல்லாது!"

"எங்கயிருந்து போடணும்னு சட்டத்துல இல்லையே!"

பின்னால் படியில் நின்ற அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சட்டம் நீங்க போட்டதுதானே? நகருங்க, பின்னாடி போவோம்." கீழே கூட்டம் விசிலடித்தது. நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

பஸ் கிளம்பியது. ஆறு, பாலம், விளக்கேற்றிய கடைத்தெரு, எல்லாம் எதிரே வந்து வந்து இரண்டாகப் பிரிந்தது. நர்ஸம்மா பையைக் கையிலேயே எடுக்கவில்லை. துண்டு முடிச்சை அவிழ்த்து ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகத் தின்றார். அக்காவுக்குச் சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை. ஊருக்கே கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டாள்.

மகள் கூப்பிட்டாள். "இன்னிக்கு என்னம்மா பார்த்தே?"

அக்கா போனை முன்பக்கம் திருப்பிப் பிடித்தாள். "நீயே பாருடி! முழு ஊரும் எங்களுதுதான்!"

பின்னாலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல். "ஏம்மா, உன் கொண்டை மறைக்குது. கொஞ்ச நேரம் இடம் மாத்திக்கலாமா?"

அக்கா ஆற அமரத் திரும்பினாள். ஒரு ஆரஞ்சுச் சுளையைக் கான்ட்ராக்டர் கையில் வைத்தாள்.

"நாளைக்குப் பார்க்கலாம் அண்ணே."