வராதவளின் கையெழுத்து

அந்த ஞாயிறு காலை முழுவதும் தாரகன் புது அலுமாரியைப் பொருத்திக்கொண்டிருந்தான். பலகைகளும் திருகாணிகளும் நிலமெங்கும் பரந்து கிடந்தன. யன்னல் விளிம்பில் சாத்திவைத்த கைபேசிக்குள் இருந்து அவன் மனைவி கஜந்தி மேற்பார்வை பார்த்தாள். அவன் ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில். அவள் சாவகச்சேரியில். கல்யாணம் முடிந்து மூன்று வருடங்கள். அதில் இருவரும் சேர்ந்து இருந்தது நாற்பத்தாறு நாட்கள்.

"இஞ்சாருங்கோ, கதவைத் தலைகீழாப் பூட்டுறியள்."

"எஞ்சினியர் அம்மா சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

"பகிடி விடாதேங்கோ. பிடி மேல வந்தால் எனக்கு எட்டாது."

"எட்டாட்டி நான் எடுத்துத் தருவன்தானே."

"ஓம், வேலையால ஓடி வந்து என்ர சீலை எடுத்துத் தருவியள்!"

வியாழக்கிழமை கொழும்பில் ஜெர்மன் தூதரகத்தில் அவளுக்கு விசா நேர்முகம். ஜெர்மன் மொழிப் பரீட்சையில் முதல்முறை தவறி, இரண்டாம்முறை எழுதித் தேறியிருந்தாள். வயது முப்பத்தாறு. பிள்ளை வேண்டுமானால் இனித் தாமதிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவனோ மூன்று பேரோடு பங்குபோட்ட அறையை விட்டு, மனைவியைக் கூப்பிடுவதற்கென்றே இந்த இரண்டறை வீட்டை எடுத்திருந்தான். பாண் சுடும் தொழிற்சாலையில் காலை நேர வேலை. சம்பளச் சிட்டைகள், வீட்டு ஒப்பந்தம் எல்லாம் அவளுடைய கோப்பில் இருந்தன. வருமானத்தைப் பெரிதாகக் காட்டும் தாள் என்று வரி அலுவலகக் கடிதத்தையும் அவனே எடுத்து வைத்திருந்தான்.

அந்தக் கடிதத்துக்கு ஒரு கதை இருந்தது.

வீட்டுக்கு முற்பணம் கட்ட வழியில்லாமல் நின்ற நேரம், தாரகன் நாகமுத்துவிடம் போனான். நாகமுத்து தன் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே ஊர்ச் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்.

"கலியாணம் முடிச்சனீர்தானே? பேந்தென்ன, ரெண்டு பேரின்ர வரியையும் சேர்த்துப் போடுவம். நல்லாக் குறையும், திரும்பிக் காசும் வரும்."

"அவ ஊரிலயெல்லோ அண்ணை? ரெண்டு பேரும் இஞ்ச இருந்தால்தான் ஏலும் எண்டு வேலையில சொன்னவங்கள்."

"இண்டைக்கு ஊரில, நாளைக்கு இஞ்ச. ஆர் வந்து கட்டிலுக்குக் கீழ பார்க்கப் போறான்? எல்லாரும் இப்பிடித்தான் தம்பி செய்யினம்."

மனைவியின் முகவரி என்ற இடத்தில் நாகமுத்து தாரகனின் முகவரியை எழுதினார். மனைவியின் கையெழுத்துக்கும் ஓர் இடம் இருந்தது. தாரகன் விவாகப் பதிவுப் பத்திரத்தில் இருந்த அவளுடைய கையெழுத்தைப் பார்த்து, பழைய கடித உறையொன்றில் நாலு தரம் எழுதிப் பழகினான். ஐந்தாம் தரம் படிவத்தில் போட்டான். வரி அலுவலகக் கடிதமும் காசும் வந்தன. முற்பணம் கட்டினான். 'அவளுக்காகத்தானே' என்று மனதைத் தேற்றினான். ஒரு வருடத்தில் அதை மறந்தும் போனான்.

வியாழக்கிழமை, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அதிகாரி அந்தக் கடிதத்தை நிதானமாக வாசித்தாள். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார்:

"நீங்கள் முந்தி ஜெர்மனியில இருந்தனீங்களோ?"

"இல்லை. ஒரு நாளும் போகேல்லை."

"ஆனால் இதில உங்கட பேரும் இருக்கு. கணவரோட அந்த விலாசத்தில இருக்கிறீங்கள் எண்டு ரெண்டு பேரும் சேர்ந்து வரிக் கணக்குக் குடுத்திருக்கிறீங்கள். அந்தப் படிவத்தில கையெழுத்து வைச்சது நீங்களோ?"

யார் வைத்திருப்பார் என்று கஜந்திக்கு உடனே விளங்கிவிட்டது. ஓம் என்றால் அவளும் பொய்க்காரி. இல்லை என்றால் புருசனைக் காட்டிக் கொடுத்தவள்.

"இல்லை," என்றாள் மெதுவாக. "நான் வைக்கேல்லை."

அவள் அழைத்தபோது தாரகன் தொழிற்சாலை வாசலில் நின்றான். நடந்ததைக் கேட்டதும் அவனுக்கு முதலில் வந்தது கோபம்.

"நீர் ஓம் எண்டு சொல்லியிருக்கலாமெல்லோ?"

"என்னெண்டு சொல்லுறது? என்ர பாஸ்போட்டில ஒரு முத்திரை கூட இல்லை. என்ர பேரை எழுத முதல் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ?"



அன்று பின்னேரமே தாரகன் நாகமுத்துவிடம் ஓடினான். அவர் கதவைப் பாதிதான் திறந்தார். "அந்தத் தாளை அங்க குடுக்கச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது? என்ர பேரை எங்கயும் இழுத்துப்போடாதையும்."

ஆறு வாரத்தில் விசா மறுப்பு வந்தது. ஆவணங்களை நம்ப முடியாது என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாளே தாரகன் வரி அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னான். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அவன் சொன்னதை எழுதிக்கொண்டு, கடைசியில் ஒன்று கேட்டாள். மனைவிக்கு மாதாமாதம் பணம் அனுப்பினீர்களா, வங்கிச் சிட்டை இருக்கிறதா?

எல்லா மாதத்துக்கும் இருந்தது.

"அந்தப் பராமரிப்புச் செலவைக் காட்டவென்றே தனிப் படிவம் இருக்கிறதே. சட்டப்படியே உங்கள் வரியில் ஒரு பகுதி குறைந்திருக்கும்" என்றாள் அவள். அதில் குத்தல் ஏதும் இல்லை. அதுதான் அவனை அதிகம் சுட்டது. பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், தண்டமும் வரலாம், விசாரணை முடியும்வரை மறுபடி விண்ணப்பித்துப் பயனில்லை என்று, பிறகு அவன் போய்ப் பார்த்த வழக்கறிஞர் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் கஜந்தியை அழைத்து, நாகமுத்து சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தான்.

"விசாரணை எப்ப முடியுமாம்?"

"தெரியாது. ஒரு வருசம்... ரெண்டு வருசமும் ஆகலாமாம்."

அவள் அழவில்லை. விரல் மடித்து எண்ணுவதுபோல மெல்ல, "அப்ப எனக்கு முப்பத்தெட்டு," என்றாள்.

"கஜந்தி, உமக்காகத்தான்..."

"அதை மட்டும் சொல்லாதேங்கோ." அவள் குரல் முதன்முறையாக உடைந்தது. "தாளில நான் உங்களோட ஒரு வருசம் குடும்பம் நடத்திப்போட்டன். உண்மையா வர வெளிக்கிடேக்க கதவைச் சாத்திப்போட்டாங்கள். எல்லாரும் செய்யினம் எண்டு சொன்னவை இண்டைக்கு எங்க? பிழைக்குக் கூட்டாளி கனபேர் வருவினம், தண்டனைக்கு ஒருத்தரும் வராயினம். பொய் சொல்லுறவர் தான் மட்டும் அனுபவிப்பன் எண்டு நினைக்கிறார். ஆனால் ஆருக்காகச் சொன்னாரோ, அவைக்குத்தான் முதல் அடி விழுகுது."