வால்நட்சத்திரத்துக்கு அடைத்த கதவு

கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தைந்து, இடவ மாசம் ஆறாம் தேதி, வியாழக்கிழமை; இங்கிலீஷ் கணக்கில் 1910 மே பத்தொன்பது. அன்று காலை எட்டு மணி வாக்கில் வால்நட்சத்திரம் சூரியனுக்குக் குறுக்கே போகும், வால் பூமியைத் தடவும், அந்த வாலில் இருப்பது விஷக்காற்று என்று பத்திரிகையில் போட்டிருந்தான். பாறசாலைப் பக்கம் பத்திரிகை வாசிக்கிறவர்கள் அஞ்சாறு பேர் இருந்தார்கள். வாசித்ததை அப்படியே விழுங்கியவர் தாணுமாலயன் பிள்ளை ஒருத்தர்தான். நெய்யாற்றின்கரையில் சர்க்கார் குமாஸ்தா. அச்சில் வந்தால் அவருக்கு அது வேதம்.

மற்றவர்களுக்கும் பயம் இல்லாமல் இல்லை. மேட மாசம் பாதியிலிருந்தே விடியலுக்கு முன் கிழக்கே அது வாலை விரித்துக்கொண்டு நின்றது. பதிமூன்று நாளைக்கு முன்னால் இங்கிலாந்து ராஜா வேறு போய்ச் சேர்ந்துவிட்டார். ஊர் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் ஓடி நேர்ச்சை போட்டது. பிள்ளை மட்டும் நெல்லறைக்குள் போனார்.

தனியாகப் போகவில்லை. மனைவி உமையம்மாளையும் ஐந்து மாதக் குழந்தை ஆனந்தவல்லியையும் கூட்டிக்கொண்டு போனார். உமையம்மாளுக்குப் பத்தொன்பது வயது. முதல் குழந்தை தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது. அதனால்தான் புருஷன் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே ஏறினாள்.

நெல்லறை முற்றத்தின் ஓரத்தில், பலாப்பலகையில் செய்த சின்ன அறை. ஒரே கதவு, ஜன்னல் கிடையாது, பாதி உயரத்துக்கு நெல். நிலத்தில் வேலை செய்கிற பொன்னையன், இருட்டு விலகுவதற்குள் வெளியே குறுக்குத்தாழைப் போட்டு, பலகை இடுக்குகளில் எல்லாம் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பினான். உச்சிப்பூசை மணி கேட்கிறவரை யார் கூப்பிட்டாலும் திறப்பதில்லை என்று, அவனுடைய கடைசிப் பிள்ளையின் பேரைச் சொல்லி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார் பிள்ளை. வெளியே நிற்கிற அவனை அந்த விஷக்காற்று என்ன செய்யும் என்று படித்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. உமையம்மாளும் கேட்கவில்லை, அவளையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் இரண்டு மணி நேரம் வெக்கைதான் பாடு. பிள்ளை ராந்தல் வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழு மணிக்கு மேல் உமையம்மாளுக்குத் தலை இடித்தது. குழந்தை அழுது அழுது, பிறகு முனகிக்கொண்டு கிடந்தது. எட்டு மணி ஆகிக் கொஞ்ச நேரத்தில் ராந்தலின் சுடர் சிறுத்துப் போனது. அவள் எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். எண்ணெய் பாதிக்கு மேல் இருந்தது.

“பாத்தியா? வந்தாச்சு,” என்றார் பிள்ளை. “விஷம் எங்கயோ இடுக்கு வழி கேறுது. அதாக்கும் விளக்கு அணையுது.”

மேல்துண்டைக் கிழித்துக் கிழித்துக் கதவிடுக்கில் திணித்தார். திணிக்கத் திணிக்கச் சுடர் இன்னும் இறங்கியது. ஒரு துளி நீலமாக நின்று, அதுவும் போயிற்று.

இருட்டில் உமையம்மாள் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு வருகிறதா என்று தெரியவில்லை. தொடையைக் கிள்ளினாள். அழவில்லை. கை துவண்டு தொங்கியது.

“பாருங்கோ, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. கதவத் தொறக்கச் சொல்லுங்கோ.”

“தொறந்தா மூணு பேரும் சாவோம். பேசாம இரி. பேசினா கூடுதலா விஷம் உள்ள போகும்.”

அவர் சொல்வது நிஜமாக இருந்தால்? வெளியே கொண்டுபோனால் விஷக்காற்று கொல்லும், உள்ளே வைத்திருந்தால் மூச்சு முட்டியே போகும். எதை நம்புவது என்று அவளுக்குச் சொல்ல ஒரு நாதி இல்லை. அப்போதுதான் பலகைக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், ஒரு சின்னப் பிள்ளையின் குரல் கேட்டது.

“அம்மா, வயிறு பசிக்கி.”

வெளியே விஷக்காற்றில் செத்துக்கொண்டிருக்கிற பிள்ளை பசிக்கிறது என்று சொல்லாது. உமையம்மாள் பலகையில் இரண்டு கையாலும் அடித்தாள்.

“பொன்னையா! வெளிய காத்து உண்டா?”

“உண்டு அம்மா. வெயிலும் உண்டு.”

“கதவத் தொற. பிள்ளைக்கு முடியல்ல.”

பொன்னையன் குரல் அழுகிற மாதிரி வந்தது. “பிள்ளைக்க பேரச் சொல்லி எசமான் சத்தியம் வாங்கியிருக்கு அம்மா. நான் தொறந்தா என் பிள்ளைக்கு வல்ல கேடும் வரும்.”

பிள்ளை அவள் வாயைப் பொத்தினார். அவள் அந்தக் கையைக் கடித்தாள். கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில் அவர் முன்னால் குரல் உயர்த்தியவள் இல்லை. “பொன்னையா, எம் பிள்ள சாவுதுலே,” என்று கத்தினாள். கத்தி முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை.

“சத்தியம் செய்தது நீரு. நானில்ல. அங்கோட்டு மாறி நில்லும்,” என்று ஒரு பெண்குரல் கேட்டது. களிமண்ணில் வெட்டுக்கத்தி விழுகிற சத்தம். தாழ் உருவி விழுந்தது. கதவு திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்த, உமையம்மாள் குழந்தையோடு மண்ணில் வந்து விழுந்தாள்.

பொன்னையனின் பெண்டாட்டி தீட்டு, தூரம் ஒன்றும் பார்க்கவில்லை. குழந்தையைப் பறித்துக் கவிழ்த்து முதுகில் தட்டினாள், மல்லாத்தி முகத்தில் ஊதினாள். ஒன்றும் இல்லை. மறுபடி ஊதினாள். உமையம்மாள் முழங்காலில் நின்று, அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஊதலில் ஆனந்தவல்லி ஒரு தும்மல் போட்டு, வீல் என்று அழுதாள்.

அதற்குப் பிறகுதான் உமையம்மாள் சுற்றிப் பார்த்தாள். நெல்லறைச் சுவரை ஒட்டி நான்கு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் குளித்து, துவைத்த துணி உடுத்தி, நெற்றியில் நீறு பூசியிருந்தார்கள்.

“இவரு இங்க காவலு நிக்காரு,” என்றாள் பொன்னையன் பெண்டாட்டி. “போறதுன்னா எல்லாரும் ஒண்ணாப் போவோம்னு பிள்ளையளக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தேன். எங்களுக்கு அடைச்சு இருக்கதுக்கு அறை இல்லல்லியா.”

உமையம்மாளுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆகாயத்தைப் பார்க்கவும் பயமாகத்தான் இருந்தது. உச்சி வேளைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாகப் போய் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து பிள்ளை இருமினார். “மணி எட்டே முக்காலாக்கும் ஆகுது. காத்து வருது. ஆராவது கதவ அடைங்கோ.”

பொன்னையன் தாழைக் கையில் எடுத்துக்கொண்டு உமையம்மாளைப் பார்த்தான்.

“வேணும்னா நீங்களே அடைச்சுக்கோங்கோ,” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். “தாழு வெளியவாக்கும் இருக்கு. நாங்க ஆரும் போட மாட்டோம்.”