ஒயர் மேல் பழியில்லை

பதினோரு மணிக்கு எஞ்சினியர் வருகிறார். புளியந்தோப்பு குடியிருப்பில் கூரையே ஒழுகவில்லை என்று போன மாசம் சொல்லிவிட்டுப் போனவர். அதனால் மாயா தங்கள் வீடு உட்பட மேல்மாடி வீடுகள் இருபத்திரண்டிலும் ஒழுகும் இடங்களைப் படமெடுத்து, உள்ளறையில் இருந்த தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். பிரிண்டர் கூடத்தில், தம்பி எழிலனின் கம்ப்யூட்டரோடு இருந்தது. இரண்டையும் ஒரு ஒயர் இணைத்தது. இன்று காலை பார்த்து, எழிலனால் அந்தப் படங்களைத் திறக்க முடியவில்லை.

"ஒயரு பூட்ச்சிக்கா. ரிச்சி ஸ்ட்ரீட் போய் வேற வாங்கினு வரேன்."

"குந்து நைனா. ஒயரு நல்லாத்தான் கீது."

மாயா தன் கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை அடித்து, ஒயர் வழியாகத் தம்பியுடையதைக் கூப்பிட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. கூடத்திலிருந்து தன்னுடையதைக் கூப்பிட்டாள். பதிலே இல்லை.

"உன்னுது பேசுது, என்னுது வாயத் தொறக்கல. அப்போ கோளாறு என்னாண்டதான்."

"இன்னாக்கா பண்ணே அதுல?"

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. நேற்று புதிதாக ஏற்றிய பாதுகாப்பு புரோகிராம் வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டிருந்தது.

"நான் பண்ண வேலைடா இது," என்று சிரித்தபடி, அதன் பட்டியலில் தம்பியின் கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். கூடத்தில் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

பதினோரு மணிக்குப் படிக்கட்டருகே நின்று எஞ்சினியர் ஒவ்வொரு படமாகப் புரட்டினார். கடைசிப் படம்வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த வீட்டை முதல்ல பாக்கணும்?" என்று கேட்டார்.

"எங்க வூட்டாண்டேர்ந்தே ஆரம்பிங்க சார்," என்றாள் மாயா.