பட்டை உரித்த கிளை

நத்தம் ரோட்டுத் தோட்டத்தில் எங்கள் மாமரம் நட்டதிலிருந்து ஒரு பூவும் வைக்கவில்லை. இலைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. பழைய செருப்பையும் விளக்குமாற்றையும் கிளையில் கட்டி, கோடரியை ஓங்கி, "காய்க்கிறியா, வெட்டவா?" என்று அப்பா மிரட்டியும் பார்த்துவிட்டார். 1961 ஆவணியில் முடிவாகச் சொன்னார்: தை பிறந்ததும் மரம் விறகுக்கடைக்கு.

அந்த வருஷம்தான் மதுரையில் தாவரவியல் பி.எஸ்ஸி. முடித்து வந்திருந்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். வீட்டில் அதற்குக் கேலிதான் மரியாதை.

"மிரட்டினா மரத்துக்குக் காது கேக்குமா? ஒரு கிளையை எங்கிட்ட விடுங்க" என்றேன்.

தெற்குக் கிளையில் ஏறி உட்கார்ந்து, கத்தியால் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிவர வளையமாக உரித்தேன். உள்ளே வெள்ளைக் கட்டை ஈரமாக மின்னியது. புத்தகத்தில் படமாகப் பார்த்ததை உயிருள்ள மரத்தில் செய்கிறேன்!

"அடிப்பாவி, தோலை உரிச்சிட்டாளே! நாளைக்கே கிளை வாடிரும் பாரு" என்று கீழே இருந்து கத்தினார் மாயாண்டிச் சித்தப்பா.

"வாடாது. தண்ணி உள்கட்டை வழியா மேல ஏறுது. அதை நான் தொடல. இலை ஆக்குற சர்க்கரைதான் பட்டை வழியா வேருக்கு இறங்கும். அந்தப் பாதையை மட்டும் அடைச்சிருக்கேன். சர்க்கரை கிளையிலேயே தங்கினா பூக்கும்."

"மரத்துக்குள்ள சர்க்கரை ஆலை வச்சிருக்காளாம்ல! காப்பிக்கு ரெண்டு கரண்டி அள்ளிட்டு வா ஆத்தா!"

கிளை வாடவில்லை. சித்தப்பா தினமும் வந்து அண்ணாந்து பார்ப்பார், என் முகத்தைப் பார்க்காமல் போவார். வளையத்தின் மேல்விளிம்பு உதடு மாதிரி தடித்து வீங்கியது. இறங்க வழியில்லாத சர்க்கரையின் வேலை! ஆனால் பூ? ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. பேகம்பூர் விறகுக்கடை சாகுல் ஹமீது பாய் வந்து அடிமரத்தைக் கயிறு போட்டு அளந்துவிட்டுப் போனார்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, தோட்டத்தில் நுழைந்தவள் அப்படியே கத்திவிட்டேன். மரம் முழுக்கப் பச்சை. தெற்குக் கிளையில் மட்டும் கொத்துக் கொத்தாகப் பூ!

ஓடி வந்த அப்பா கிளைக்குக் கீழே நின்று கொத்துகளை எண்ணினார். பிறகு, "மரத்தைக் குடுக்கலேன்னு பாய்ட்ட சொல்லிருவோம்" என்றார்.

சித்தப்பாவுக்கு அதெல்லாம் போதவில்லை. அரிவாளோடு வந்தார். "ஒவ்வொரு கிளையா எதுக்கு? அடிமரத்தையே ஒரு சுத்து உரிச்சா அம்புட்டும் பூக்கும்ல!"

பாய்ந்து போய் மரத்தில் முதுகை ஒட்டி நின்றேன்.

"அரிவாளைக் கீழ போடுங்க சித்தப்பா! அடியில உரிச்சா வேருக்கு ஒரு வாய்கூடப் போகாது. இந்த வருஷம் மாங்கா, அப்புறம் நீங்களே விறகுதான் பொறுக்கணும்."

"வேருக்குமா பசிக்கும்?"

"பின்ன? மண்ணுக்குள்ள கெடந்து தண்ணி இழுக்கிறவனுக்குச் சோறு வேணாமா?"

அப்பா அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார். "அப்ப எம்புட்டுத்தான் ஆத்தா உரிக்கலாம்?" என்று என்னிடம் கேட்டார்.

"அடுத்த ஆவணிக்கு இன்னொரு கிளை. எதுன்னு நான்தான் சொல்லுவேன்."

"உத்தரவுங்க, டீச்சரம்மா" என்றார் சித்தப்பா.

பூவில் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. மாம்பூவுக்கு மகரந்தம் சுமந்து காய் பிடிக்க வைப்பது அதுதான்; கிட்டத்தில் பார்க்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினேன்.