கூரையில் விரிந்த வேறு வானம்

திரும்பி வந்த பெட்டியை அவள் உடனே திறந்துவிடவில்லை. மேசைமேல் வைத்து, எல்லாப் பக்கமும் படம் பிடித்து, ஒட்டுநாடா கிழிபடுவதைக் காணொளியில் பதிந்துகொண்ட பிறகே மூடியை நீக்கினாள். பழைய பொருள்களைத் துடைத்து, சீர்செய்து, இணையத்தில் விற்பது அவள் தொழில். வீட்டார் வைத்த பட்டப்பெயர் கடைக்காரம்மா. கேலிதான்! ஆயினும், மின்கட்டணச் சீட்டு முதல் வாசற்கதவின் பலகை வரை அத்தனையிலும் கணவன் பெயரே அமர்ந்திருந்த அந்த வீட்டில், அவள் பெயரைத் தாங்கிய ஒரே இடம் அந்தக் கடைதான்.

பெட்டிக்குள் இருந்தது நட்சத்திர விளக்கு. கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு கறுப்பு மூடி. மூடியெங்கும் ஊசிமுனைத் துளைகள். உள்ளே ஒளி பிறந்தால் அறையெங்கும் விண்மீன்கள். நன்றாக எரிந்ததைத்தான் அனுப்பினாள். இப்போதோ அது உயிரற்றுக் கிடந்தது. "வந்தபோதே எரியவில்லை, விற்றவர் ஏமாற்றிவிட்டார்" என்று வாங்கியவர் புகார் எழுதியிருந்தார். வழியில் உடைந்த பொருள்களுக்காக அவள் கடைமீது முன்பே எச்சரிக்கை உண்டு. இன்னொரு புகார் உறுதியானால் கடையை மூடிவிடுவோம் என்று தளத்தார் அறிவித்திருந்தார்கள்.

"ஒரு விளக்குதானே? காசைத் திருப்பிக் குடுத்துட்டுத் தலைமுழுகு" என்றான் கணவன்.

"காசு போனா போகட்டுங்க. ஒத்துக்கிட்டா நான் ஏமாத்துக்காரின்னு ஆயிடும். கடையும் போயிடும்."

"விளக்கு எரியலைன்னு யார் சொன்னது?" என்றாள் நாத்தனார், கதவில் சாய்ந்தபடி. "அண்ணி வயிறு எரியற எரிச்சலுக்கு இந்தத் தெருவே வெளிச்சமா இருக்கே!"

"வாயாடி, வந்து திரையை இழுத்து மூடு."

நண்பகல் வெயில் வெளியே தங்கிவிட்டது. அவள் மூடியைக் கழற்றி, கைப்பேசியின் விளக்கை அதன் அடியில் வைத்தாள். இருவரும் தரையில் மல்லாந்தார்கள். அலமாரி கரைந்தது; சுவர்கள் விலகி எங்கோ போயின. தூசி படிந்த மின்விசிறியின் இறக்கைகள்மேல் விண்மீன்கள் ஏறி இறங்கின. முகம் தெரியாத யாரோ ஒருவர் வீட்டின் இரவு, அழைக்காமலே வந்து அவர்கள்மேல் மெத்தென்று படிந்தது. எத்தனை கண்கள் இதன்கீழ் சொக்கிச் செருகினவோ! கோபம்கூட ஒரு நொடி எடையற்று மிதந்தது.

"அண்ணி," என்றாள் நாத்தனார், உறக்கத்தில் பேசுபவள்போல். "நம்ம குண்டம்மாவைக் காணோமே."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பொருளைப் படம் பிடித்துப் போடுவோர் பலர். அவளோ, பொருள் செய்யும் வேலையைப் படம் பிடித்துப் போடுபவள். மின்விசிறியை விற்றால் திரைச்சீலை அலைவதைக் காட்டுவாள். இந்த விளக்குக்கு அவள் காட்டியது கூரையை. துளைகளின் அழுக்கை எடுக்கையில் ஊசி வழுக்கி, இரண்டு துளைகள் ஒன்றாகிப் போயின. "ஒரு நட்சத்திரம் மட்டும் பருத்திருக்கும்" என்று மறைக்காமல் எழுதியும் இருந்தாள். அதற்குத்தான் நாத்தனார் குண்டம்மா என்று பெயரிட்டாள். இந்த வானத்திலோ எல்லாமே பொடி நட்சத்திரங்கள். இது அவள் விற்ற விளக்கே அல்ல!

இந்தக் கூரையையும் படம் பிடித்து, பழைய படத்தோடு சேர்த்துத் தளத்தாருக்கும் வாங்கியவருக்கும் அனுப்பினாள். வசைச்சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. சற்று நேரத்தில் வாங்கியவரே அழைத்தார்; நாத்தனாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ரெண்டும் ஒரே விளக்குதாம்மா. பழசு வித்துப் பொழைக்கறவங்களுக்கு இவ்வளவு வாயா?"

"பழசு விக்கறேன் சார், பொய் விக்கல. என் விளக்குல ஒரு பெரிய நட்சத்திரம் இருக்கும். நீங்க அனுப்பினதுல இல்ல."

"பெரிய நட்சத்திரமா? அப்படி ஒண்ணும் கிடையாது!"

"எது கிடையாது?" அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல். "பாப்பா தினம் அதுக்கு டாட்டா காட்டிட்டுத்தானே தூங்கறா? யாருங்க போன்ல?"

நாத்தனார் தலையணையைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். கைப்பேசி கைமாறிய ஓசை கேட்டது; கடைக்காரம்மா நடந்ததைச் சொன்னாள்.

"எங்க பழைய விளக்கையா அனுப்பினாரு? ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னாரே, அக்கா!"

"என் விளக்கு பாப்பாகிட்டயே இருக்கட்டும்மா. வித்த பொருள் உங்களுதுதான். பழசை அனுப்பி வைக்கறேன். புகாரை மட்டும் அவர் கையாலயே திரும்ப வாங்கணும். மாத்தி அனுப்பினேன்னு அவரே எழுதணும்."

"எழுதுவாரு. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

மாலையில் கைப்பேசி சிணுங்கியது. கணவன் எடுத்துப் பார்த்தான். புகார் திரும்பப் பெறப்பட்டது என்று உரக்கப் படித்தான். நம்பாதவன்போல் மறுபடி படித்தான். அதற்குள் இன்னொரு செய்தி வந்து விழுந்தது.

"யாரோ நீ விக்கப் போட்ட இஸ்திரிப் பெட்டி இருக்கான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"கேட்டது என்னை" என்று அவள் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க."