அறுபத்தைந்து நாள் முதுகுவலி

ஜனவரி பதினாறாம் தேதி தீர்ப்பு வந்தது. ஹெட்லி கீப்பிங் தோற்றுப்போனான். அடுத்த வீட்டு ரெக் ஸ்னூக்கின் நிலத்தைக் கடந்து, கரையிலிருக்கும் தன் படகுக் கொட்டகைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை தனக்கு உரிமையானது என்பது அவன் வழக்கு. முப்பது வருஷமாக அதில் நடந்தவன்தான். ஆனால் ரெக்கின் அப்பா 'நடந்துக்கோ' என்று சொன்னதால் நடந்தவன். அனுமதியோடு நடந்த பாதையில் உரிமை பிறக்காது என்று நீதிபதி முடித்துவிட்டார். மேல்முறையீடு செய்ய முப்பது நாள் கெடு.

அந்த முப்பது நாளும் ஹெட்லி என்ன செய்தான் என்பது அவன் மனைவி எஃபிக்கு அத்துப்படி. வக்கீல் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டார், அவன் எடுக்கவில்லை. தினமும் விடிந்ததும் பனிவண்டியில் ஏறிக் காட்டுக்குப் போய் முயலுக்குக் கண்ணி வைத்தான். பிப்ரவரி முதல் சனிக்கிழமை ஊர்த் தீயணைப்புக் கூடத்தில் உப்பு மாட்டிறைச்சி விருந்து. எண்பது பேர் நடுவில் தட்டோடு எழுந்து நின்றான்.

"அப்பீலா? அந்தச் சேத்துப் பாதைக்கா? ரெக்கே வச்சுக்கிட்டு அழட்டும். நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

ஊர் கைதட்டியது. எஃபி தலை நிமிராமல் கிழங்கை மென்றுகொண்டிருந்தாள். பனி மூடிக்கிடக்கிற மாதத்தில் கொட்டகைக்கு யார் போகிறார்கள்? கால் வைக்கத் தேவையில்லாத பாதையை விட்டுக்கொடுக்க எந்தச் சோம்பேறிக்கும் வீரம் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் பனி உருகியது. ரெக் பாதையின் குறுக்கே சங்கிலி போட்டான். இனி கொட்டகைக்குப் போவதென்றால் பொதுப் படகுத்துறையிலிருந்து சிறு படகில், கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையைச் சுற்றித் துடுப்புப் போட வேண்டும். அதுவும் ஊரே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்க. ஹெட்லி இரண்டு நாள் போட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள் வக்கீலைக் கூப்பிட்டான்.

கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றார் வக்கீல். தாமதத்தை மன்னித்து அனுமதி கொடுங்கள் என்று மேல் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கெடுவுக்குள்ளேயே அப்பீல் செய்யும் எண்ணம் இருந்தது, தக்க காரணத்தால்தான் முடியவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அப்படி ஏதாவது இருந்ததா என்று அவர் கேட்டதுதான் தாமதம், ஹெட்லி அவரை உதவாக்கரை என்று திட்டிவிட்டுப் போனை வைத்தான். படிவத்தைத் தானே வரவழைத்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான்.

சாயங்காலத்துக்குள் அவனுக்குக் கடுமையான முதுகுவலி வந்துவிட்டது. உடம்பில் அல்ல, பிரமாணப் பத்திரத்தில். தீர்ப்புக்கு மறுநாளிலிருந்து படுத்த படுக்கை. குனிய முடியாது, நிமிர முடியாது. மனசு மட்டும் அப்பீல் அப்பீல் என்று அடித்துக்கொண்டே கிடந்தது. எஃபி பேரிலும் ஒரு பத்திரம் எழுதி வைத்திருந்தான். தினம் இருவேளை அவனுக்குத் தைலம் தேய்த்தாளாம்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

எஃபி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "படுத்த படுக்கையா இருந்தே. சரி. அந்த இருபத்திரண்டு முயலைப் பிடிச்சது யாரு? அதுங்களே நடந்து வந்து சட்டியில படுத்துக்கிச்சா?"

"முயல் பேச்சை அங்க எவன் எடுக்கப்போறான்?"

"கேட்டா நான் எடுப்பேன். உன் முதுகுக்காக பைபிள் மேல கையை வச்சுப் பொய் சொல்ல முடியாது மனுஷா. ரெக்கிட்ட போய் ஒரு வார்த்தை கேளு. சங்கிலியை அவுத்துடுவான்."

"அவன்கிட்ட போய் நான் கேக்குறதா?"

நாற்பது அடி தள்ளி இருக்கிறவனிடம் கேட்டால் மானம் போய்விடுமாம். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நீதிமன்றத்திடம் கெஞ்சினால் போகாதாம். எஃபி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கெடு தாண்டி அறுபத்தைந்தாம் நாள், அவள் கையெழுத்து இல்லாமலே மனு போயிற்று.

மே மாதம், மேல் நீதிமன்றம் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் விசாரணை. வலி பத்திரத்தில் ஏறிவிட்டதால் தான் வண்டி ஓட்டுவது முறையல்ல என்று ஹெட்லி முடிவு செய்தான். மூடுபனியில், மூஸ் மான் எதுவும் குறுக்கே பாய்கிறதா என்று பார்த்துப் பார்த்து, நான்கரை மணி நேரமும் எஃபிதான் ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஓட்டியவன், நீதிமன்றப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான்.

ரெக்கின் வக்கீல் ஒரு சின்னப்பெண். விருந்தில் பரிமாறிய அம்மாள் எழுதிக் கொடுத்த பத்திரத்தை வாசித்தாள். சேற்றுப் பாதை, ரெக் அழட்டும், திரும்பிப் பார்க்க மாட்டேன், ஒரு வார்த்தை விடவில்லை. நீதிபதி அம்மாள் ஹெட்லியைப் பார்த்தார்.

"மிஸ்டர் கீப்பிங், நீங்க இப்படிப் பேசினீங்களா?"

ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எண்பது பேர் தனக்குக் கைதட்டியதை எப்படி மறுப்பான்? நெஞ்சை நிமிர்த்தினான்.

"பேசினேன். ஊரே கைதட்டுச்சு. அதை ஏன் எழுதலை?"

"அப்போ அன்னிக்கு அப்பீல் பண்ற எண்ணம் இருந்துதா?"

"அன்னிக்கு எதுக்குங்க அப்பீல்? அன்னிக்குத்தான் பாதை முழுக்கப் பனி கிடந்துச்சே."

எஃபி கூரையைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவன் சொன்ன ஒரே உண்மை, அதுவும் வீம்பில் வாய் தவறி வந்தது. யோசித்துச் சொல்ல நீதிபதி உள்ளே எழுந்து போகவே இல்லை. பத்து நிமிஷத்தில் மனு தள்ளுபடி. ரெக்கின் வழக்குச் செலவும் ஹெட்லி தலையில். முதுகுவலியும் அத்தோடு தள்ளுபடியாகி, திரும்பும்போது அவனே ஓட்டினான். நீதிபதி, வக்கீல், மாட்டிறைச்சி பரிமாறியவள் என்று தன்னைத் தவிர எல்லாரையும் வழி நெடுகத் திட்டினான்.

மறுநாள் காலை எஃபி வேலியோரம் போனாள். ரெக் உருளைக்கிழங்குப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தான். அந்த வழியாக நடந்துகொள்ளலாமா என்று கேட்டாள்.

"உன்னை யாரு வேண்டாம்னா எஃபி? தாராளமா நட. அவனும் வரட்டும். வாயைத் திறந்து ஒரு தடவை கேக்கணும், அவ்வளவுதான்."

வந்து சொன்னாள். ஹெட்லி துடுப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனான். எஃபி ஃபிளாஸ்க்கில் தேநீர் எடுத்துக்கொண்டு, சங்கிலியைத் தாண்டி, ஐந்து நிமிஷத்தில் கொட்டகைக்கு வந்து ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். முக்கால் மணி கழித்து முனைக்கு அப்பால் அவன் படகு தலைகாட்டியது. எதிர்காற்று. இரண்டு வீச்சு முன்னே வந்தால் ஒரு வீச்சு பின்னே போனது. மூஞ்சி வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தது.

கொஞ்சமாவது பரிதாபம் வருகிறதா என்று எஃபி தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. தேநீரைச் சூடாக ஊற்றிக் குடித்தாள்.