துருசு நீலம்

மூக்கம்மாள் துருசு என்கிற மயில்துத்தக் கட்டிகளை இடித்துத் தூளாக்கிப் பீப்பாயில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். விடாமல் கொட்டிய மழை அன்றைக்குத்தான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அடுத்த மழைக்குள் எஸ்டேட் ஏலச்செடிகளுக்கு அழுகல் மருந்து அடித்தாக வேண்டும். மூங்கில் கழியைச் சுற்றச் சுற்ற நீலத் தண்ணீர் முழங்கை வரை தெறித்தது. கை வெடிப்பில் இறங்கினால் உயிர் போகிற எரிச்சல். அதெல்லாம் பழகிவிட்டது.

பள்ளிக்கூடப் பாதையில் மரியஜோசப் வாத்தியார் ஓடிவருவது தெரிந்தது. தோளில் ஒரு பிள்ளை. தலை தொங்கி ஆடியது. பாவாடையைப் பார்த்ததுமே மூக்கம்மாளுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் மகள் அழகுத்தாய்தான், இரண்டாங்கிளாஸ்.

"வாந்தி நிக்கல மூக்கம்மா. டிஸ்பென்சரிக்கு வா" என்று நிற்காமலே போனார் வாத்தியார்.

கழியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். என்ன ஆகியிருக்கும் என்று ஓடும்போதே தெரிந்துவிட்டது.

புதிதாய் வந்த இந்த வாத்தியார் பிள்ளைகளுக்குப் படம் போடக் கற்றுக்கொடுத்தார். போர்டைப் பார்த்து எழுதுகிற வேலை இல்லை, மனசில் இருப்பதை வரைய வேண்டும். சாயம் வாங்க முடியாதவர்கள் வீட்டில் கிடைக்கிற நிறத்தைக் கொண்டுவரலாம் என்றிருந்தார். மஞ்சள், கரி, குங்குமம், இலைச்சாறு என்று ஆளாளுக்குக் கொண்டுபோனார்கள். நீலம் மட்டும் ஒருத்தரிடமும் இல்லை. காலையில் அழகுத்தாய் பீப்பாய்ப் பக்கம் வந்து நின்று கெஞ்சினாள். மற்றபடி வாயைத் திறந்து ஒன்றும் கேட்காத பிள்ளை. மூக்கம்மாள் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுப் புளியங்கொட்டையளவு துருசை இலையில் மடித்துக் கொடுத்தாள். "வாயில கீயில வச்சிராத. யாரு கேட்டாலும் மைவில்லைன்னு சொல்லு" என்றும் சொல்லி அனுப்பினாள். பெரிய கெட்டிக்காரத்தனம்தான்.

டிஸ்பென்சரி பெஞ்சில் சூப்பர்வைசர் குருசாமி காலை நீட்டி அட்டைக்கடிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் மூக்கம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். போன வருஷம் ஒரு பிடி ஏலக்காயை மடியில் கட்டிக்கொண்ட பெரியம்மாளை அன்று சாயங்காலமே சட்டிபானையோடு எஸ்டேட் லயத்து வீட்டை விட்டு இறக்கியவர் அவர். புருஷன் செத்த பிறகு, லயத்து அறையை விட்டால் மூக்கம்மாளுக்கும் போக்கிடம் இல்லை.

கம்பவுண்டர் மிக்கேல், அழகுத்தாயின் வாயைத் திறந்து பார்த்தார். உதடும் நாக்கும் நீலமாக இருந்தன.

"மைவில்லையக் கரைச்சுப் படம் போட்டுருக்கா" என்றார் வாத்தியார். "குச்சி நுனியை மென்னு பிரஷாக்கச் சொல்லிக் குடுத்தேன். நுனி விரிய விரிய வாயில வச்சு வச்சுத் தீட்டிருக்கா. நான் கவனிக்கல. அவ ஆத்தாளத்தான் வரைஞ்சிருக்கா, தலையிலேருந்து கால் வரைக்கும் நீலமா."

"மைதானே, பயமில்ல. வயித்துல பூச்சியாத்தான் இருக்கும். பேதிக்குக் குடுத்தா சரியாப் போயிரும்" என்று மிக்கேல் விளக்கெண்ணெய்ச் சீசாவை எடுத்தார்.

பிள்ளை மறுபடி ஓங்கரித்தாள். பச்சையும் நீலமுமாய் ஒரு வாய் வந்தது. கண் மேலே செருகியது. மூக்கம்மாள் குருசாமியைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வீடு போகும், மூடினால் பிள்ளை போகும். குருசாமி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மை இல்லய்யா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "துருசு. நாந்தான் குடுத்தேன்."

மிக்கேல் சீசாவை அப்படியே வைத்துவிட்டுப் பாலுக்கும் முட்டைக்கும் ஆள் விரட்டினார். வெள்ளைக்கருவைப் பாலில் அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் புகட்டினார். மத்தியானத்துக்கு மேல்தான் வாந்தி நின்றது.

"இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது. மூத்திரம் போகுதான்னு பாக்கணும். பக்கத்துலயே இரு, அசையாத" என்றார்.

அதுவரை போகாமல் உட்கார்ந்திருந்த குருசாமி அப்போதுதான் வாய் திறந்தார்.

"எஸ்டேட் மருந்தத் திருடுனவள இந்நேரம் இறக்கி விட்டுருப்பேன். கலக்கத் தெரிஞ்ச ஆளு வேற இல்ல. மேகம் கட்டிக்கிட்டு வருது, மருந்தடிக்கிற பம்புக்காரனெல்லாம் சும்மா நிக்கிறான். வீடு வேணும்னா பீப்பாய்க்குப் போ."

"அய்யா, பிள்ளை..."

"அதான் வாத்தியார் இருக்காருல்ல."

வாத்தியார் தலையைத் தூக்கவில்லை. "நான் பாத்துக்குறேம்மா" என்றார்.

சேலையைப் பிடித்திருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாய் விடுவித்துவிட்டு மூக்கம்மாள் எழுந்தாள்.

பொழுது சாயும்வரை இடித்தாள், கலக்கினாள். கண் மட்டும் டிஸ்பென்சரிப் பாதையிலேயே இருந்தது. யாரும் வரவில்லை. வராதது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை. சங்கு ஊதியதும் கழியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஸ்டோர் வாசலில் குருசாமி மறித்தார்.

"இனிமே தெனமும் மடிய உதறிக் காட்டிட்டுத்தான் போகணும்."

வேலை விட்டவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மூக்கம்மாள் மடியை அவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. முந்தானையை உதறினாள். இடித்தபோது பறந்து படிந்த நீலத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பிள்ளையப் பாக்கணும்யா. விடுங்க" என்றாள்.

குருசாமி ஒரு காலிச்சாக்கை எடுத்து அவள் காலடியில் விரித்தார்.

"இதுல நின்னு உதறு. எஸ்டேட் சாமான் ஒரு தூசு வெளிய போகக்கூடாது."

மூக்கம்மாள் சாக்கின்மேல் ஏறி நின்று கொண்டையையும் அவிழ்த்தாள்.